வீட்டில் வைத்து எச்.ஐ.வி. பார்ப்பதும் பார்க்கச் சொல்வதும்

முதல் வேலை, அந்த ஜாக்கெட்டைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள்.

2012-இல் நான் இந்த வேலையில் சேர்ந்தபோது எங்களை அனுப்பியவர்கள் ஆளுக்கொரு ஆரஞ்சு ஜாக்கெட் கொடுத்தார்கள். முதுகில் ஒரு சாண் உயரத்துக்கு எச்.ஐ.வி. என்று எழுத்து, பக்கத்தில் சிவப்பு ரிப்பன். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், நடுச்சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. மேட்டில் ஒரு வரிசை, சரிவில் ஒரு வரிசை. மேல் வரிசை ஜன்னலில் நின்றால் கீழே யார் வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்பதுவரை தெரியும். அங்கே அந்த ஜாக்கெட்டோடு ஒரு வாசலில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும், சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக்கு ஒரு பேர் விழுந்துவிடும். முதல் வாரம் நான் தட்டிய கதவுகளில் திறந்தவை நாலோ ஐந்தோ. அதில் ஒரு வீட்டம்மா என்னைப் பேசவே விடவில்லை. "உள்ளே வா, முதல்ல உள்ளே வா" என்று கையைப் பிடித்து இழுத்து, கதவைச் சாத்தி, தாழ் போட்ட பிறகுதான் "யார் நீ?" என்று கேட்டார்.

அன்றைக்கே விளங்கிவிட்டது. யாரென்றே தெரியாத ஒருத்தியை வீட்டுக்குள் விட அந்த அம்மா தயார். தெருவுக்குத் தெரிவதுதான் அவருக்கு ஆகாது. அடுத்த நாளிலிருந்து ஜாக்கெட் பைக்குள், வண்டி தெருமுனையில். மேலதிகாரிகள் கேட்டபோது வெயில் தாங்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி 1998-இல் இங்கே வந்தவள். பத்து வருஷத்துக்கு மேல் வீடு வீடாகப் போய் எச்.ஐ.வி. பரிசோதனை செய்திருக்கிறேன். இப்போது ஓய்வு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மாரும், தொண்டுக்குப் போகும் கோயில் பிள்ளைகளும் "ஆன்ட்டி, இதை எப்படிச் செய்வது, எப்படிக் கேட்பது" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே இது கதவைத் தட்டப் போகிறவர்களுக்கும், கதவுக்கு உள்ளே உட்கார்ந்து யோசிக்கிறவர்களுக்கும்.

வீட்டில் எதற்கு?

கிளினிக்கில் காசில்லாமல் பார்க்கிறார்களே, பிறகு ஏன் வீடு என்று கேட்பார்கள். விடியற்காலை வரிசையில் நின்று பாருங்கள், பக்கத்து பெஞ்சில் சம்பந்தி வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். பெண்களுக்காவது கர்ப்பமாக இருக்கும்போது ஒருமுறை பார்த்துவிடுவார்கள். ஆண்பிள்ளையை யாரும் கேட்பதில்லை. அவர் கிளினிக் வாசலை மிதிப்பதே விரல் நசுங்கினால்தான்.

வீட்டுக்கே போனால் ஜனங்கள் ஒத்துக்கொள்கிறார்களா என்றால், ஒத்துக்கொள்கிறார்கள். எங்கள் மாகாணத்தின் தெற்கே, அப்போது சிசோங்கே என்று பேர் இருந்த கிராமப்புற மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2013-இல் வெளியானது. ஆலோசகர்கள் வீட்டுக்குப் போன ஊர்களில் 69 சதவீதம் பேர் பரிசோதனை செய்துகொண்டார்கள். போகாத ஊர்களில் 47. நான் கண்டதும் ஏறக்குறைய அப்படித்தான். கதவு திறக்க வைப்பதுதான் கஷ்டம், உட்கார்ந்து பேசிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த காலத்தில் "தெரிந்துகொண்டு என்ன செய்யப் போறோம்?" என்று கேட்டால் எனக்கு வாய் அடைத்துப்போகும். அப்போது சி.டி.4 எண்ணிக்கை, அதாவது இரத்தத்தில் நோயை எதிர்க்கும் அணுக்களின் கணக்கு, 350-க்குக் கீழே இறங்கினால்தான் பெரும்பாலோருக்கு அரசு மாத்திரை. நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் இளைத்துவிட்டு வா என்பது போல. 2016 செப்டம்பரில்தான் அரசு விதி மாறியது: இருக்கிறது என்று தெரிந்த எல்லாருக்கும், எண்ணிக்கை எதுவானாலும், உடனே மருந்து. அதற்குப் பிறகு என் பேச்சே சுலபமாகிவிட்டது. பையில் வெறும் கெட்ட செய்தியை மட்டும் தூக்கிக்கொண்டு போகவில்லை பாருங்கள்.

வாசலில்

நம்மவர் வீடுகளில் மணியடித்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், வாசலுக்கு நேரே நின்று உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். என்னோடு ஜோடியாக வந்தவர் ஒரு சுலு அம்மா, நான் "சிசி" என்றுதான் கூப்பிடுவேன். பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதிக்குப் போகும்போது அவர்தான் கற்றுக்கொடுத்தார். அங்கே தகரக் கதவைக் கையால் தட்டக் கூடாது. வெளியே நின்று நாக்கைச் சொடுக்கி "ங்கோ, ங்கோ" என்று வாயாலேயே தட்டிவிட்டு, குரல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் "சாவுபோனா", சுலுவில் வணக்கம் என்று அர்த்தம், பிறகு நலம் விசாரிப்பு. காரியத்தை முதலில் சொல்வது மரியாதைக் குறைவு.

தமிழ் வீடுகளிலும் அதேதான். இங்கே நாலாவது ஐந்தாவது தலைமுறை, வீட்டுக்குள் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம். ஆனாலும் ஆயா ஆயாதான், பெரியம்மா பெரியம்மாதான். ஆடி மாசத்தில் போனால் மாரியம்மன் கஞ்சி எப்போது ஊற்றுகிறார்கள் என்று கேட்பேன். அதற்குப் பதில் சொல்லாத வீடு கிடையாது. அந்தப் பேச்சு ஓடி, தண்ணீர் வந்து, நான் ஒரு வாய் குடித்த பிறகுதான் விஷயம்.

விஷயத்தை எப்படிச் சொல்வது? "எச்.ஐ.வி. டெஸ்ட் செய்துகொள்கிறீர்களா?" என்று கேட்டால் "எங்களுக்கு எதுக்கு?" என்றுதான் வரும். அந்தக் கேள்வியிலேயே நாம் அவர்களைச் சந்தேகப்படுவது தொனிக்கிறது. நான் இப்படிச் சொல்வேன்: "இந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் போகிறோம். சர்க்கரை, பிரஷர், எச்.ஐ.வி. மூன்றும் பார்ப்போம். எது வேண்டுமோ அது, வேண்டாததை விட்டுவிடலாம்." எல்லா வீட்டுக்கும் என்ற சொல்தான் அதில் முக்கியம். சர்க்கரை இல்லாத நம்மவர் வீடு டர்பனில் அபூர்வம் என்பதால் மெஷினைப் பார்த்ததும் கையை நீட்டிவிடுவார்கள்.

ஆனால் இங்கேதான் நான் ஒருமுறை வழுக்கினேன். ஒரு தாத்தா. காது மந்தம். மூன்றையும் சொன்னேன், தலையாட்டினார். விரலில் குத்தி சர்க்கரை பார்த்தேன், அதே துளியிலிருந்து எச்.ஐ.வி. ஸ்டிரிப்பிலும் இரத்தம் எடுத்தேன். "இந்த ரெண்டாவது மெஷின் எதும்மா, கொலஸ்ட்ராலா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் தலையாட்டியது சர்க்கரைக்கு மட்டும். ஸ்டிரிப்பில் சோதனை நீரை விடாமல் அவர் கண்முன்னாலேயே பையில் போட்டுக் கட்டிவிட்டு, காதருகே போய் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு, "இந்த வயசுல எனக்கா?" என்று சிரித்தார். பிறகு, "அது வேண்டாம்மா" என்றார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சர்க்கரை எவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: இப்போது என்ன செய்யப் போகிறேன் என்பதை அவர்களே எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பையைத் திறப்பேன்.

"நம்ம ஆளுங்களுக்கு அதெல்லாம் வராதுங்க." இதைக் கேட்காத நாளில்லை. உலகத்திலேயே அதிகம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழும் நாடு தென்னாப்பிரிக்கா, அதிலும் எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் ரொம்ப அதிகம். கிருமிக்குக் குலம் கோத்திரம் தெரியாது என்று வாதாடிப் பார்த்திருக்கிறேன், பிரயோசனமில்லை. பேச்சை வளர்க்காமல், "மண்டேலா வீட்டுக்கே வந்ததே ஆன்ட்டி" என்பேன். 2005 ஜனவரியில் மகன் மக்காதோ இறந்தபோது, எய்ட்ஸால்தான் இறந்தார் என்று அவரே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். மறைத்தால்தான் இது அசிங்கம் மாதிரித் தெரியும் என்பது அவர் எண்ணம். வயதானவர்களுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைச் சொன்னதும் பேச்சு "எங்களுக்கு வராது" என்பதிலிருந்து "பாவம் அந்த மனுஷன்" என்பதற்கு மாறிவிடும். அது போதும்.

யார் சரி என்று சொல்ல வேண்டும்

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு வீட்டில் ஒருவர் சரி என்றால் எல்லாரும் சரி என்று ஆகிவிடும். மாமியார் சொன்னால் மருமகள் மறுக்க முடியாது. கணவர் "இவளுக்கும் பாருங்க" என்றால் அவள் கையை நீட்டுவாள். அது சம்மதமில்லை. ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். சட்டத்தில் 12 வயது ஆன பிள்ளைக்கே தானாகச் சம்மதம் சொல்லும் உரிமை இருக்கிறது, முடிவும் அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். வேலைக்கு எடுக்க டெஸ்ட் கேட்கிறார்கள் என்று சிலர் வருவார்கள். லேபர் கோர்ட் அனுமதி இல்லாமல் எந்த முதலாளியும் அப்படிக் கேட்கக் கூடாது, 1998-ஆம் வருஷச் சட்டம் அது. அந்த மாதிரி அவசரத்துக்குச் செய்யாதீர்கள்.

மருமகளைத் தனியாகப் பிடிப்பது எப்படி? "குடிக்கத் தண்ணி கொடும்மா" என்று அடுப்படிக்குப் பின்னால் போய்விடுவேன். குழாயைத் திறந்துவிட்டுப் பேசினால் கூடத்துக்குக் கேட்காது. நான் கேட்பது ஒன்றே ஒன்று: "ஒருவேளை வேற மாதிரி வந்தால், இந்த வீட்டில் உனக்கு அடி விழுமா?" சுற்றி வளைக்காதீர்கள், இப்படித்தான் கேட்க வேண்டும். ஒரு பெண் பதிலே சொல்லாமல் டம்ளரை மூன்று தடவை கழுவினாள். அதுதான் பதில். கூடத்துக்கு வந்து "இன்றைக்குக் கிட் தீர்ந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு, கிளினிக்கில் எந்த நாள், யாரைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். பொய்தான். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

நான் டர்பன் வந்த அதே 1998 டிசம்பரில், பக்கத்து க்வாமாஷுவில் குகு த்லாமினி என்ற பெண் தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னதற்காக அடித்துக் கொல்லப்பட்டாள். ஊருக்குப் புதியவள், கையில் மருதாணிகூடப் போகவில்லை, அந்தச் செய்தியைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். இப்போது காலம் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனாலும் ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று வெளியே இருந்து வருகிறவளுக்குத் தெரியாது. கணவன் மனைவி இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பார்ப்பது ரொம்ப நல்லது, ஒருவருக்கொருவர் துணை. ஆனால் அந்தக் குழாயடிக் கேள்விக்குப் பிறகுதான்.

சட்டென்று சரி சொல்கிறவர்களிடமும் ஜாக்கிரதையாக இருங்கள். வேண்டாம் என்கிறவர் யோசித்திருக்கிறார். எடுத்த எடுப்பில் சரி என்கிறவர் சில நேரம் நம்மைச் சீக்கிரம் அனுப்பப் பார்க்கிறார்.

தானே பார்த்துக்கொள்வது

யாரும் வீட்டுக்கு வர வேண்டாம், நானே பார்க்கிறேன் என்பவர்களுக்குச் சுயபரிசோதனைக் கிட் இருக்கிறது. மருந்துக்கடையில் விற்கும், பல அரசு கிளினிக்குகளில் சும்மாவே கொடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016-இலிருந்தே இதைச் சிபாரிசு செய்கிறது. விரலில் குத்துவதும் உண்டு, ஈறில் தடவுவதும் உண்டு. ஊசி என்றால் நடுங்குகிறவர்களுக்கு ஈறு வகை, ஓராகுவிக் என்று பேர். அதைத்தான் நான் அதிகம் கையாண்டிருக்கிறேன்.

வாங்கியதும் காலாவதி தேதியைப் பாருங்கள். 30 டிகிரிக்கு மேல் சூடேறும் இடத்தில் வைக்கக் கூடாது. டர்பன் பிப்ரவரி வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போனால் அந்தக் கிட்டை நம்பாதீர்கள். நான் சாப்பாடு கொண்டுபோகும் கூலர் பெட்டியில் வைத்துத்தான் தூக்கிப் போவேன், பக்கத்தில் என் தயிர் சாதம்.

செய்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிட, குடிக்கக் கூடாது. பல் துலக்கியிருந்தாலோ வாய் கொப்பளிக்கும் மருந்து போட்டிருந்தாலோ அரை மணி போகட்டும். பல்செட் இருந்தால் கழற்றிவிட வேண்டும்.

உறையில் இரண்டு பக்கம் இருக்கும். ஒன்றில் சின்னக் குப்பி, ஒன்றில் குச்சி. முதலில் குப்பியைத் திறந்து, கூடவே வரும் தாங்கியில் நிறுத்துங்கள். உள்ளே இருக்கிற நீரைக் கொட்டாதீர்கள், குடிக்காதீர்கள். ஒருவர் மருந்து என்று நினைத்து வாயருகே கொண்டுபோய்விட்டார், அதனால் சொல்கிறேன். பிறகு குச்சி. அதன் தட்டையான முனையைக் கையால் தொடக் கூடாது. மேல் ஈறில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே தடவை, பல்லின் மேல் இல்லை, ஈறின் மேல். கீழ் ஈறில் அதேபோல் ஒரு தடவை. நாக்கிலோ கன்னத்திலோ தேய்க்க வேண்டாம். முனையைக் குப்பிக்குள் அடிவரை இறக்கி விட்டுவிடுங்கள். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 நிமிஷத்துக்கு முன்னால் பார்க்கக் கூடாது, 40 நிமிஷத்துக்குப் பிறகும் பார்க்கக் கூடாது.

"எச்சிலில் தெரிகிறதென்றால் எச்சிலில் பரவும்தானே?" இந்தக் கேள்வியும் தினமும் வரும். கிட் தேடுவது கிருமியை இல்லை. கிருமியை எதிர்த்து நம் உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருளை. அது ஈறோரம் ஊறும் நீரிலும் இருக்கும். ஒரே தட்டில் சாப்பிட்டால், முத்தம் கொடுத்தால், ஒரே டம்ளரில் குடித்தால் எச்.ஐ.வி. ஒட்டாது.

அந்த 20 நிமிஷம்

முனையை இறக்கியதும் சின்ன ஜன்னலில் இளஞ்சிவப்பாக ஒரு அலை மெதுவாக ஏறும். எல்லாரும் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்குவார்கள். பார்க்க விடாதீர்கள். நான் அதை ஒரு சாப்பாட்டுத் தட்டால் மூடிவிட்டு, "பீன்ஸ் ஆய வேண்டியது ஏதாவது இருக்கா?" என்று கேட்பேன். கைக்கு வேலை இருந்தால்தான் வாய் பேசும். முருங்கைக்கீரை உருவியபடி ஒருத்தி தன் பதினெட்டு வருஷக் கல்யாணத்தையே சொல்லி முடித்தாள். தனியாகச் செய்கிறவர்கள் துணி மடியுங்கள், பாத்திரம் தேயுங்கள். டிவி வேண்டாம், விளம்பரத்துக்கு விளம்பரம் எழுந்து போய்ப் பார்ப்பீர்கள்.

இந்த நேரத்தில்தான் முக்கியமான கேள்வியைக் கேட்க வேண்டும்: இருக்கிறது என்று வந்தால் முதலில் யாரிடம் சொல்வாய்? பேர் சொல்ல முடிந்தவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. "யாரும் இல்லை" என்றால் அன்று இரண்டு வீடு குறைவாகப் பார்ப்பேன்.

கோடு

ஜன்னல் பக்கத்தில் "சி" (C), "டி" (T) என்று இரண்டு எழுத்து இருக்கும். சியில் மட்டும் கோடு என்றால் எச்.ஐ.வி. இல்லை. சி, டி இரண்டிலும் கோடு என்றால், டியில் கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சரி, இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சியில் கோடே இல்லையென்றால் கிட் கெட்டுவிட்டது, டியில் என்ன வந்தாலும் கணக்கில்லை, வேறு கிட் எடுங்கள்.

மங்கல் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கரன்ட் போகும் காலம், மாலை ஆறரை மணி, ஃபோன் டார்ச்சில் பார்த்தேன். சுத்தமாக ஒரே கோடு. அந்தப் பையன் டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்தான், டியில் பென்சிலால் கிழித்து ரப்பரால் அழித்த மாதிரி ஒன்று. வாசலுக்குக் கொண்டுபோய் மிச்ச வெளிச்சத்தில் பார்த்தோம், இருந்தது. ஆகவே நல்ல வெளிச்சம் இருக்கும்போது செய்யுங்கள். இன்னொரு நாள் நேர் எதிர். ஒரு வீட்டில் சண்டை வந்து, அதைத் தீர்த்துவைப்பதில் மணியை மறந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மங்கலாக ஒரு கோடு, என் வயிறு கலங்கிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தால் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நேரம் கடந்த ஸ்டிரிப்பில் வருவதை நம்பக் கூடாது என்று அடுத்தவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு புதிதாக ஒன்று செய்தேன், ஒரு கோடுதான். அந்த இருபது நிமிஷம் எனக்குப் பீன்ஸ் ஆயக் கை வரவில்லை.

இல்லை என்று வந்தாலும் ஒரு கேள்வி உண்டு. கடைசி மூன்று மாசத்துக்குள் ஆபத்தான தொடர்பு ஏதாவது? இருந்தால் மூன்று மாசம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், உடம்பு எதிர்ப்புப் பொருள் உண்டாக்க நேரம் எடுக்கும். நேற்றோ முந்தாநாளோ நடந்தது என்றால் கிட்டோடு மல்லுக்கட்டாதீர்கள், உடனே கிளினிக்குக்கு ஓடுங்கள். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட்டால் தொற்றைத் தடுக்கிற மாத்திரை இருக்கிறது. ஏற்கெனவே ஏ.ஆர்.வி., அதாவது எச்.ஐ.வி.க்கான மாத்திரை, சாப்பிடுகிறவர் இந்தக் கிட்டில் பார்க்கவே கூடாது, தப்பாக இல்லை என்று காட்டலாம். கைக்குழந்தைக்கும் கூடாது. தாயின் எதிர்ப்புப் பொருள் ஒன்றரை வயதுவரை குழந்தையிடம் இருக்கும், அதற்கு வேறு இரத்தப் பரிசோதனை.

இரண்டு கோடு வந்தால்

முதலில், இது கடைசி முடிவில்லை. கிளினிக்கில் வேறு கிட்டால் இரத்தம் பார்த்து உறுதி செய்தால்தான் முடிவு. ஆனால் "தப்பாகத்தான் இருக்கும், விடு" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் கிளினிக் பக்கம் போகாதவர்கள் உண்டு.

கார் மெக்கானிக் ஒருவர், கிரீஸ் போகாத நகம். இரண்டு கோட்டையும் பார்த்தார். நான் சொல்ல வைத்திருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தி, "அப்ப நாளைக்கு வேலைக்குப் போகலாமா?" என்றார். அவர் கேட்டது அதைத்தான், நான் அதற்குப் பதில் சொல்லாமல் வேறு என்னவெல்லாமோ சொல்லிக்கொண்டிருந்தேன். "போகலாம். மத்தியானம் ஒரு மணி நேரம் லீவு கேளுங்கள், கிளினிக்குக்கு நானும் வருகிறேன்" என்றேன். முதல் ஐந்து நிமிஷத்தில் ஆளுக்குக் காது கேட்காது. மூன்றே விஷயம் சொன்னால் போதும்: சாகமாட்டாய், மாத்திரை இருக்கிறது, நாளைக்கு எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும்.

மற்றதெல்லாம் பிறகு. தினம் ஒரே ஒரு மாத்திரை, அதற்குள் மூன்று மருந்து, டொலுடெக்ராவிர் அதில் ஒன்று. அரசு கிளினிக்கில் காசில்லை. ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஆறு மாசத்துக்குள் இரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி குறைந்துவிடும், அப்படிக் குறைந்து அப்படியே இருக்கும்வரை உடலுறவில் துணைக்குப் பரவாது. இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டதும் பெரிய ஆம்பிளைகள் அழுததைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் எய்ட்ஸ் ஹெல்ப்லைன், 0800 012 322, காசில்லை.

குப்பையும் கிளம்புவதும்

சின்ன விஷயம்தான், ஆனால் இதில்தான் ரகசியம் உடையும். கிட் பெட்டியை அப்படியே குப்பை மூட்டையில் போட்டால், லாரி வருவதற்குள் நாய் கிழித்துத் தெரு நடுவில் போட்டிருக்கும். பெட்டியைக் கிழித்து, குச்சி குப்பியோடு ஒரு பழைய பேப்பரில் சுருட்டி, வெங்காயத் தோல் காய்கறித் தோல் நடுவே வையுங்கள். விரலில் குத்துகிற வகை என்றால் ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி, கிளினிக்கில் கொடுத்துவிடுங்கள். முடிவை ஃபோனில் படம் எடுக்காதீர்கள். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்குத் தவறிப் போன ஒரு படத்தைத் திரும்பப் பெற நாங்கள் பட்ட பாடு வேண்டாம்.

கதவைத் தட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. ஒரு வீட்டில் இருபது நிமிஷம், அடுத்த வீட்டில் ஒன்றரை மணி நேரம் என்று இருந்தால், அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தெரு எண்ணிக்கொண்டிருக்கும். எல்லா வீட்டிலும் கொஞ்சம் இழுத்துப் பேசுங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள். எனக்கு ஒரு நாளைக்கு ஏழு டீ, இப்போது எனக்கே சர்க்கரை.

மேல் வரிசையில் ஓர் ஆயா, 71 வயது. மகன், மருமகள், இரண்டு பேரன்கள். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆயா என்னைப் பார்த்து, "எனக்கு முதல்ல பாரு" என்று பல்செட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார். கோடு ஒன்று வந்ததும் ஏதோ பரீட்சையில் ஜெயித்தவர் மாதிரி எல்லாருக்கும் காட்டினார். மகன் பேசாமல் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார். பெரிய பேரனும் அம்மாவும் தனித்தனியாக, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. யாருக்கு என்ன வந்தது என்பது அவரவர் விஷயம்.

நான் கிளம்பிப் படியிறங்கும்போது நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்து அம்மா வேலியோரம் துணி காயப்போடுவது போல நின்றுகொண்டிருந்தார். "என்ன, ரொம்ப நேரம் ஆச்சு?" என்றார். "சர்க்கரை பிரஷர் பார்த்தேன் ஆன்ட்டி" என்றேன், பார்த்ததும் உண்மைதான். "எனக்கும் பாரேன்" என்று உள்ளே கூட்டிப்போனார். கதவைச் சாத்தினார். திரைச்சீலையையும் இழுத்துவிட்டார். "சர்க்கரை நேத்துதான் பார்த்தேன். அந்தப் பையில் மத்தது இருக்கும் இல்ல, அதை எடு" என்றார்.